வரியும் வைத்தியமும்

வரி என்னும் சொல் எந்நாட்டு ஜனங்களுக்கும் இன்பந் தருவதன்று. வியாதி என்னும் சொல்லோ அதனினும் கொடியது. இவ்விரண்டையும் பிணைத்து, ஒன்றால் மற்றொன்றின் கொடுமையைக் குறைக்க முயன்ற ஒரு தேசத்தின் வரலாறு நாம் அறியத்தக்கது. அது மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா; 1957-ஆம் ஆண்டில் சுதந்தரம் பெறுமுன் தங்கக் கடற்கரை என வழங்கியது.

சுதந்தரம் பெற்ற புதிதில் அந்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வைத்தியம் பெரும்பாலும் இலவசமாகவே நடந்து வந்தது. பின்னர் அரசாங்கத்தின் பொருள்நிலை நலிவுறவே, 1985-இல் நோயாளிகள் செலுத்தவேண்டிய கட்டணம் மிகவும் உயர்த்தப்பட்டது. நாளடைவில் கையிற் காசு வைத்தாலன்றி மருந்தில்லை என்றாயிற்று. வகையற்றோர் பலர் நோய் முற்றும்வரை வீட்டிலேயே கிடந்தனர். நோயானது உழைப்பை நிறுத்தி வருவாயைக் கெடுக்கும் அந்நாளிலேயே செலவையும் உடன்கொண்டு வருகிறது. ஆதலின், சுகமாயிருக்குங் காலத்தில் எல்லாரும் சிறிது சிறிதாகச் செலுத்தி, நோயுற்றவனுக்கு அதிலிருந்து உதவுவதே அறிவுடைமை. இன்ஷியூரன்ஸின் தத்துவம் இதுவே.

பணத்தைத் திரட்டுவது எங்ஙனம்? மாதச் சம்பளம் பெறுவோரிடம் பிடித்தம் செய்தல் எளிது. கானாவிலோ உழுவோரும், மீன் பிடிப்போரும், சந்தையில் விற்போருமே மிகுதி. இவர்கள் வருமானம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆயினும் இவர்களும் பொருள்களை வாங்குகிறார்கள். ஆகவே விற்பனையின்மேல் விழும் மதிப்புக் கூட்டு வரியே தக்க வழியாகத் தோன்றிற்று.

அவ்வரியின் முற்கதை துயரமானது. 1995-இல் நூற்றுக்கு 17.5 வீதம் அதனைப் புகுத்தியபோது, விலையேற்றங் கண்டு ஜனங்கள் வெகுண்டெழுந்தனர். தலைநகராகிய ஆக்ராவில் நடந்த ஊர்வலத்தில் உயிர்ச்சேதமும் நேரிட்டது. சில மாதங்களுக்குள் வரி கைவிடப்பட்டது. 1998-இல் நூற்றுக்கு 10 என்னும் குறைந்த வீதத்தில் அது மீண்டும் வந்தது. 2000-இல் கல்வி நிதிக்கென 2.5 கூடிற்று; 2003-இல் இயற்றிய தேசிய சுகாதார இன்ஷியூரன்ஸ் சட்டம் வைத்தியத்திற்கென இன்னும் 2.5 விதித்தது. மொத்தம் 15 ஆகியும் முன்போன்ற கலகம் எழவில்லை. படிப்படியாக ஏற்றியதும், காசு எதற்கென்று சொல்லிப் பெற்றதும் இதற்குக் காரணமெனலாம்.

இவ்வரியே இன்ஷியூரன்ஸ் நிதியின் பெரும்பகுதி. சம்பளக்காரரின் ஓய்வூதியச் சந்தாவில் ஒரு பங்கும், ஏனையோரின் சிறு ஆண்டுச் சந்தாவும் அதனோடு சேரும். பதினெட்டு வயதுக்குட்பட்டோரும், எழுபதைக் கடந்தோரும், பரம ஏழைகளும் சந்தா கொடுக்க வேண்டுவதில்லை. 2008 முதல் கர்ப்பிணிகளுக்கும் அச்சலுகை உண்டு.

செல்வனுக்கும் ஏழைக்கும் ஒரே வீதமாகில் அது நீதியாமோ எனச் சிலர் வினவலாம். பக்குவப்படுத்தாத உள்நாட்டு உணவுப்பொருள்களுக்கு வரியில்லை என்பதும், அதிகம் வாங்குவோன் அதிகம் கொடுக்கிறான் என்பதும் ஓரளவு சமாதானம். எனினும் சந்தா கொடுக்க இயலாமல் பதிவு செய்யாது நிற்கும் கூலியாள், சோப்பு வாங்கும்போது வரி செலுத்தியும் வைத்தியத்தின் பயனை அடையாதிருக்கிறான். இது அத்திட்டத்தின் உண்மையான குறை.

மற்றொரு குறை பின்னர் நேர்ந்தது. 2017-இல் ஒரு சட்டம், இத்தகைய தனி நிதிகளுக்கெல்லாம் ஓர் உச்சவரம்பு வகுத்தது. நோயாளியின் பெயரால் பெற்ற பணத்தில் ஒரு பகுதி அரசாங்கத்தின் வேறு செலவுகளுக்குப் போயிற்று. 2025-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் இன்ஷியூரன்ஸ் நிதிக்கு அவ்வரம்பு நீக்கப்பட்டது. நிதியிலிருந்து வரவேண்டிய தொகை தாமதிக்குமாயின் ஆஸ்பத்திரிகள் கடன்படுகின்றன. சில இடங்களில் நோயாளியிடமே மறுபடியும் காசு கேட்கப்படுகிறது. எதை ஒழிக்க வரி எழுந்ததோ அதுவே பின்வாசல் வழியாகத் திரும்பி வருகிறது.

பொருளாதாரம் கற்கும் மாணவர் இதிற் கவனிக்கவேண்டியது யாதெனில், ஒரு காரியத்தின் பெயரைச் சொல்லி வாங்கும் வரி, ஜனங்களோடு செய்த உடன்படிக்கை போன்றது என்பதே. விதிப்பதோடு அரசாங்கத்தாரின் கடமை தீர்வதில்லை. கடைக்காரனிடம் செலுத்திய காசு நோயாளியின் படுக்கையருகே மருந்தாக வந்து சேரும்வரை அது நீடிக்கிறது.