உங்களுக்குத் தெரியுமா? மணி முதலில், கோயில் பிறகு

யாழ்ப்பாணத்து வாழ்க்கையைத் திரையில் காட்டிய ‘பொன்மணி’ 1977ஆம் ஆண்டுப் படம். இயக்கியவர் தர்மசேன பத்திராஜா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். அந்தப் படம் வந்த பிலிம் காலத்தில் கமரா பொதுவாகப் படத்தை மட்டுமே பதியும். ஒலி தனி நாடாவில் ஏறும். இரண்டையும் பொருத்தத்தான் கிளாப் பலகை. பலகை மூடும் பிரேமையும் ‘டக்’ என்ற ஓசையையும் எடிட்டர் நேர்ப்படுத்தினால் உதடும் சொல்லும் சேர்ந்துவிடும். நொடிக்கு 24 பிரேம். சில பிரேம் பிசகினாலே கண்ணை உறுத்தும்.

இன்று கைபேசியில் குறும்படம் வெட்டும் நம் பிள்ளைகள் முதலில் பழக வேண்டியது ‘ஜே கட்’ என்பேன். அடுத்த காட்சியின் ஒலி முந்திக்கொண்டு வரும். அம்மா அடுப்படியில் நிற்கும்போதே நல்லூர்க் கோயில் மணி கேட்கிறது. கோபுரம் பிறகுதான் தெரிகிறது. காட்சி மாறியும் பழைய ஒலி தொடர்ந்தால் அது ‘எல் கட்’. எடிட்டிங்கில் படத்துண்டும் ஒலித்துண்டும் சேர்ந்து அந்த ஆங்கில எழுத்துகளைப் போலக் கிடப்பதால் வந்த பெயர்கள் இவை.

படப்பிடிப்பு முடிந்ததும் எல்லாரையும் பேசாமல் நிற்கச் சொல்லி, அரை நிமிடமாவது அறையின் ஒலியை மட்டும் பதிவது ‘ரூம் டோன்’. வெளியிடத்தில் கிடைப்பது ‘ஆம்பியன்ஸ்’. வசனங்களுக்கு இடையே ஒலி அறுந்துபோகாமல் நிரப்புபவை இவைதான். பனங்கூடலில் எடுத்த காட்சிக்கு வேறு ஊர்க் காற்றைப் போட்டால் நம் காது ஏமாறாது. காவோலை உரசும் சரசரப்பு தென்னங்கீற்றுக்கு வராது.