குடுவைச் செடியின் குலமும் பெயரும்

பூச்சி உண்ணும் தாவரங்கள் என்றதும் பள்ளிப் பாடநூலில் பார்த்த குடுவைச் செடியின் படம் நம் நினைவுக்கு வரும். இலையின் நுனி கொடிபோல் நீண்டு, மூடியுள்ள குடுவையாக முடிகிறது. அதன் விளிம்பில் சுரக்கும் தேனை நாடி வரும் எறும்பு வழுக்கி உள்ளே விழுகிறது. குடுவையிலுள்ள நீர்மம் அதைச் செரிக்கிறது. சத்துக் குறைந்த மண்ணில் வாழும் இச்செடிக்கு நைட்ரஜன் இவ்வாறு கிடைக்கிறது.

குடுவை உள்ள செடிகள் எல்லாம் ஒரே குலத்தைச் சேர்ந்தவையா? இல்லை. ஆசியாவில் மிகுந்துள்ள நெப்பந்தஸ், தண்டுக்கீரை அடங்கிய துறையைச் சேர்ந்தது. வட அமெரிக்காவின் சாரசீனியா, இலுப்பையும் தேயிலையும் அடங்கிய துறையில் வருகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் செபலோட்டஸ் நம் புளியாரைக்கு உறவு. காக்கைக்கும் வௌவாலுக்கும் தனித்தனியே சிறகு தோன்றியது போல, ஒரே தேவைக்காகக் குடுவையும் தனித்தனியே தோன்றியது. மரபுப் பொருளான டி.என்.ஏ. ஆய்வுகள் இதை உறுதி செய்துள்ளன.

நெப்பந்தஸ் பேரினத்தில் 150-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் உள்ளன. இலங்கையில் வளரும் நெப்பந்தஸ் டிஸ்டில்லட்டோரியாவுக்கு 1753-இல் லின்னேயஸ் பெயரிட்டார். இந்தியாவில் இயற்கையாக வளர்வது ஒரே சிற்றினம்தான். மேகாலயக் குன்றுகளில் காணப்படும் அதை, 1873-இல் ஜோசப் டால்டன் ஹூக்கர் நெப்பந்தஸ் காசியானா என்று விவரித்தார். காரோ மக்கள் இதை ‘மெமாங் கோக்சி’ என்பர். பேயின் கூடை என்று பொருள்.

நெப்பந்தஸில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இரு சிற்றினங்களைக் கலப்பதும் எளிது. இங்கிலாந்தில் வீட்ச் நாற்றுப் பண்ணையின் ஜான் டொமினி உருவாக்கிய முதல் கலப்பினம் 1862-இல் காட்சிக்கு வந்தது. ஒரே கலப்பில் விளைந்த நாற்றுகளும் நிறத்திலும் வடிவிலும் வேறுபடும். அவற்றுள் சிறந்த ஒன்றைத் தேர்ந்து, தண்டுத் துண்டு வைத்தோ திசு வளர்ப்பு முறையிலோ பெருக்கினால் அது ‘வளர்ப்பு வகை’ ஆகிறது. 1959 முதல் இவ்வகைகளுக்குப் புதிதாக இலத்தீன் பெயர் வைக்கக் கூடாது என்பது பன்னாட்டு விதி. ‘மிராண்டா’ போன்ற பெயர்கள் மேற்கோள் குறிக்குள் எழுதப்படும்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ தொட்டியில் வளர்க்க விரும்புபவருக்குப் பெயரே வழிகாட்டி. கினபாலு மலையில் வளரும் நெப்பந்தஸ் ராஜாவுக்குக் குளிர்ந்த இரவு வேண்டும். நம் கோடையை அது தாங்காது. தாழ்நிலச் சிற்றினமான ஆம்புல்லேரியாவோ, நிழலும் ஈரக்காற்றும் இருந்தால் வெப்பத்தைத் தாங்கும். இரண்டுக்கும் உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் ஆகாது, மழைநீரே நல்லது. உரமிட்ட மண்ணும் வேண்டாம்.

காசியானாவுக்கோ பெயர் உயிர்ப் பிரச்சினை. அழியும் நிலையிலுள்ள அதன் பன்னாட்டு வணிகத்தை ‘சைட்டிஸ்’ ஒப்பந்தம் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. தோட்டங்களில் வளரும் காசியானாவின் பெயர்ச்சீட்டு தொலைந்து, கலப்பினங்களோடு அது கலந்துவிட்டால், அதன் விதை மேகாலயக் குன்றுகளில் மீண்டும் நட உதவாது. எனவே செடி வாங்கும்போது பெயரைக் கேட்டு எழுதி வையுங்கள். காட்டிலிருந்து பிடுங்கப்பட்டது என்று தெரிந்தால் வாங்காதீர்கள்.