துருப்பிடித்த தண்டவாளத்தில் காணாமல் போகும் ரயில்

போன மாதம் எங்கள் பள்ளி அறிவியல் கூடத்தில் படிவம் 4 மாணவர்களோடு ஒரு ரயில் பாதை போட்டோம். ஓர் அட்டையின் மேல் அருகருகே இரண்டு அலுமினியத் தாள் பட்டைகள், அவைதாம் தண்டவாளங்கள். ஒரு முனையில் இரண்டு உலர் மின்கலங்களும் ஒரு குட்டி பல்பும். மறுமுனையில் இரு பட்டைகளையும் இணைத்து இன்னொரு பல்பு. மின்னோட்டம் ஒரு பட்டை வழியாகப் போய், கடைசி பல்பைக் கடந்து, அடுத்த பட்டை வழியாகத் திரும்புகிறது. இரண்டு பல்புகளும் மங்கலாக எரிந்தன.

பட்டைகளின் குறுக்கே ஒரு கரண்டியை வைத்ததும் மறுமுனை பல்பு பட்டென்று அணைந்தது. மின்கலத்துக்கு அருகில் இருந்த பல்பு இன்னும் பளிச்சென்று எரிந்தது. "ரயில் வந்துவிட்டது, டீச்சர்!" என்றாள் ஒருத்தி. மின்னோட்டம் கடைசி பல்பு வரை போகாமல், தடை குறைந்த கரண்டி வழியாகவே திரும்பிவிட்டது. உண்மையான ரயிலில் இந்தக் கரண்டியின் வேலையைச் செய்வது இரும்புச் சக்கரங்களும் அவற்றை இணைக்கும் அச்சும்.

பிறகு ஒரு மாணவன் பள்ளித் தோட்டத்தில் கிடந்த நீளமான துருப்பிடித்த ஆணியைக் கொண்டுவந்து கரண்டி இருந்த இடத்தில் வைத்தான். பல்பு அணையவில்லை. அதாவது, 'ரயில்' தடத்தில் நிற்கிறது. ஆனால் மின்சுற்றுக்கு அது தெரியவில்லை. வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியானது.

இந்தத் 'தட மின்சுற்று' முறையை 1872ஆம் ஆண்டில் வடிவமைத்தவர் அமெரிக்கரான வில்லியம் ராபின்சன். பாதையைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் அடுத்ததிலிருந்து மின்காப்புப் பொருளால் பிரித்துவைப்பார்கள். நம் கடைசி பல்பின் இடத்தில் ரிலே என்னும் மின்காந்தச் சாவி இருக்கும். மின்னோட்டம் வந்துகொண்டிருக்கும் வரை மின்காந்தம் சாவியைப் பிடித்து வைத்திருக்கும். சிக்னல் பச்சை காட்டலாம். ரயில் வந்து மின்னோட்டம் நின்றால் சாவி தன் எடையாலேயே கீழே விழும், சிக்னல் சிவப்பாகும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, பழுது வந்தாலும் அது நம் பக்கமே நிற்பதுதான். மின்கலம் தீர்ந்தாலும், கம்பி அறுந்தாலும், தண்டவாளம் உடைந்து விலகினாலும் மின்னோட்டம் நிற்கும், சிவப்பு விழும். பழைய கைகாட்டிகளிலும் இதே யோசனைதான். இழுக்கும் கம்பி அறுந்தால், கை தானாகவே 'நில்' என்ற நிலைக்குப் போய்விடும்.

ஆனால் துரு மட்டும் எதிர்ப்பக்கம் சாய்கிறது. இரும்பு, ஈரக்காற்றில் உள்ள ஆக்சிஜனோடும் நீரோடும் சேர்ந்து உண்டாகும் படலம் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. நாள் முழுவதும் ரயில்கள் ஓடும் தடத்தில் சக்கரங்களே துருவைத் தேய்த்துத் தண்டவாளத்தைக் கண்ணாடிபோல் வைத்திருக்கும். வாரத்துக்கு இரண்டு ரயில் போகும் தடத்தில் அதைத் தேய்ப்பவர் யார்? அங்கே வரும் ரயில், நம் ஆணியைப்போல, சிக்னலின் கண்ணுக்குப் படாமல் போகலாம். இதற்காகத்தான் பல நாடுகளில் 'அச்சு எண்ணி' என்ற கருவியைப் பொருத்துகிறார்கள். ஒரு பகுதிக்குள் எத்தனை அச்சுகள் நுழைந்தன, எத்தனை வெளியேறின என்று எண்ணி, இரண்டும் சமமானால் மட்டுமே தடம் காலி என்று அது சொல்லும். துருவைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

ஆக, ஆளரவம் குறைந்த பாதைக்குத்தான் பராமரிப்பு அதிகம் தேவை. நடப்பதோ நேர்மாறு. மழையில் சரளைக்கல் ஊறினால் மின்னோட்டம் ஒரு தண்டவாளத்திலிருந்து மற்றதற்குக் கசிந்து, ரயில் இல்லாதபோதும் சிவப்பு எரியும். ரயில்கள் வீணாக நிற்கும். பழுது பார்க்க ஆள் அனுப்ப வேண்டும். சில ரயில்களுக்காக இவ்வளவு செலவா என்று கணக்குப் பிள்ளை கேட்பார். அமெரிக்காவில் சரக்கு ரயில் நிறுவனங்கள் இப்படிப்பட்ட பாதைகளில் சிக்னல்களை அகற்ற மத்திய ரயில்வே நிர்வாகத்திடம் விண்ணப்பிப்பது உண்டு. சிக்னலே இல்லாத பாதைக்கு அங்கே 'இருண்ட பகுதி' என்று பெயர். அங்கே ரயில்கள் வேகக் கட்டுப்பாட்டோடும், கட்டுப்பாட்டு அறை வானொலியில் தரும் அனுமதியோடும் ஓடும்.

தென் கரோலினா மாநிலத்தில் உள்ள கிரானிட்வில் என்ற சிற்றூர் அப்படியொரு இருண்ட பகுதியில் இருந்தது. 2005 ஜனவரி 5ஆம் தேதி மாலை, ஒரு சரக்கு ரயிலைப் பக்கத் தடத்தில் நிறுத்திய ஊழியர்கள், தடமாற்றியை மறுபடி முதன்மைப் பாதைக்குத் திருப்பாமல் போய்விட்டார்கள். சிக்னல் இருந்திருந்தால் அந்தத் தடமாற்றியின் நிலையை மின்சுற்று கவனித்துச் சிவப்பு காட்டியிருக்கும். அங்கே அதைக் கவனிக்க மனித ஞாபகம் மட்டுமே இருந்தது. மறுநாள் அதிகாலை இரண்டே முக்கால் மணியளவில், மணிக்கு ஏறக்குறைய 75 கிலோமீட்டர் வேகத்தில் வந்த இன்னொரு ரயில் பக்கத் தடத்தில் திரும்பி, நின்ற ரயிலின்மீது மோதியது. வந்த ரயிலில் குளோரின் கலன்கள் இருந்தன. ஒன்று கிழிந்தது.

குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது. அதனால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, தாழ்வான இடங்களில் தங்கும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலின் ஈரத்தில் கரைந்து அமிலமாகும். பக்கத்திலேயே நூற்பாலை; உள்ளே இரவு வேலைக்காரர்கள். 9 பேர் இறந்தார்கள். சுமார் 5,400 பேர் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஆலையின் இயந்திரங்களையும் குளோரின் அரித்தது; 2006இல் அந்த ஆலை நிறுவனம் மூடப்பட்டது. தொழிற்சாலைச் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் உறங்கிய நம் தோட்டங்களின் பிள்ளைகளுக்கு, ஓர் ஆலை மூடினால் ஊர் என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நான் பிறந்த தோட்டத்துக்கும் ரயிலுக்கும் நெருங்கிய உறவு. 1915இல் அலோர் ஸ்டார் வரை வந்து, 1918இல் பாடாங் பெசாரில் சயாம் ரயிலோடு இணைந்த பாதை அது. சுங்கை பட்டாணிக்கும் குரூணுக்கும் இடையே, என் சிறுவயதில், ஒற்றைத் தடமாக ரப்பர் மரங்களுக்கு நடுவே போகும். செம்மண் சாலை குறுக்கிடும் இடத்தில் பால் லோரி நின்று, ஓட்டுநர் எட்டிப் பார்த்துவிட்டுக் கடப்பார். 'நில், பார், கேள்' என்பதுதான் அம்மா எங்களுக்குச் சொல்லித் தந்த சிக்னல். பின்னர் ஈப்போ முதல் பாடாங் பெசார் வரை 329 கிலோமீட்டருக்கு மின்மயமான இரட்டைத் தடம் வந்தது. வேலி போட்டார்கள், சாலைகள் மேம்பாலத்தில் ஏறின. கெடாவில் இன்று இ.டி.எஸ். பறக்கும்போது குறுக்கே லோரி நிற்குமோ என்ற பயம் இல்லை. ஆனால் கெமாஸ்–தும்பாட் கிழக்குக்கரைப் பாதை இன்னும் ஒற்றைத் தடம்தான், ரயில்களும் குறைவு. எல்லாப் பாதைக்கும் ஒரே அளவு பணம் போய்ச் சேர்வதில்லை.

எந்த இடத்துக்கு எவ்வளவு பாதுகாப்பு என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? இந்திய ரயில்வேயில் அதற்கு ஒரு பெருக்கல் உண்டு. ஒரு நாளில் கடவையைக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையைச் சாலை வாகன அலகுகளின் எண்ணிக்கையால் பெருக்குவார்கள். 20 ரயில்கள், 900 வாகன அலகுகள் என்றால் 18,000. இந்தப் பெருக்குத்தொகை 20,000ஐத் தொட்டால்தான் கதவையும் சிக்னலையும் பிணைக்க வேண்டும் என்பது விதியாக இருந்தது. பிணைத்துவிட்டால் கதவு மூடிப் பூட்டிய பிறகே சிக்னல் பச்சையாகும். பிணைக்காத இடத்தில், நிலைய அதிகாரியும் கதவுக்காரரும் தொலைபேசியில் பேசிக்கொள்வதை நம்பித்தான் ரயில் வரும்.

தமிழ்நாட்டில் கடலூருக்கு அருகே உள்ள செம்மங்குப்பத்தில் இருந்தது அப்படிப் பிணைக்கப்படாத கதவு. 2025 ஜூலை 8ஆம் தேதி காலை, பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த வேன்மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பயணிகள் ரயில் மோதியது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கதவு மூடப்பட்டதா, யார் என்ன சொன்னார்கள் என்று பல பேச்சுகள் எழுந்தன. கதவு திறந்திருப்பதை ரயில் ஓட்டுநருக்குச் சொல்ல அங்கே ஒரு சிவப்பு விளக்கு இல்லை என்பதில் மட்டும் இரண்டு பேச்சு இல்லை.

அந்த வாரமே இந்திய ரயில்வே அமைச்சு 20,000 என்ற எல்லையை 10,000 ஆகக் குறைத்தது. நம் 18,000 கடவைக்கு இனி சிக்னல் பிணைப்பு கிடைக்கும். 9,000 கடவைக்கு இந்தக் கணக்கின்படி கிடைக்காது. அந்தப் பெருக்கலில் வேன் என்பது ஒரு வாகனம். அதற்குள் எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதற்கு அதில் இடமில்லை.

எங்கள் அட்டை ரயில் பாதை இன்னும் அறிவியல் கூடத்து அலமாரியில் இருக்கிறது. ஆணியை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தோம். பல்பு அணைந்தது. இப்போது நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள். மின்கலத்துக்குப் பக்கத்தில் அந்த முதல் பல்பை மட்டும் விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் கரண்டி வைத்ததும் குறுக்குச்சுற்றாகி, மின்கலம் சுடும்.