புதிய டைல்ஸ் தரையில் வெண்படலம்: ஆசிட் ஊற்றும் முன் அறிய வேண்டியவை

புதுமனை புகுவிழாவுக்குச் சில நாள்களே உள்ள நிலையில், பதித்து முடித்த டைல்ஸ் தரை பளபளப்பின்றி மங்கிக் கிடப்பது பல வீடுகளில் காணப்படும் ஒன்று. துடைத்தால் மறைவது போலத் தோன்றும் வெண்படலம், ஈரம் உலர்ந்ததும் மீண்டும் தெரியும். டைல்ஸ் தரமற்றது எனக் கருதி கடைக்காரரிடம் முறையிடுவோரும் உண்டு. ஆனால், பெரும்பாலும் குறை டைல்ஸில் இல்லை. அதன் இடைவெளிகளை நிரப்பிய கிரவுட் கலவையின் எச்சமே அது.

சிமென்ட், நுண்மணல், நிறமி ஆகியவை கலந்த கிரவுட்டை இடைவெளிகளில் அழுத்தி நிரப்பும்போது, டைல்ஸின் மேற்பரப்பிலும் அது பரவுகிறது. ஈர ஸ்பாஞ்சால் துடைத்த பின்னரும் நுண்ணிய சிமென்ட் துகள்கள் தரையில் தங்கி, நீர் ஆவியானதும் படலமாகின்றன. முதல் சில மணி நேரத்துக்குள் உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தாலே இது பெரும்பாலும் அகன்றுவிடும். நாள்கள் செல்லச் செல்ல சிமென்ட் இறுகிவிடுகிறது. ஒரே வாளி நீரால் வீடு முழுவதையும் துடைப்பதும் படலத்தை அதிகரிக்கும்.

இறுகிய படலத்துக்குப் பல இடங்களில் கையாளப்படும் குறுக்குவழி, ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றிக் கழுவுவது. இந்த அமிலம் சிமென்ட்டைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் படலத்தை மட்டுமன்றி, இடைவெளியில் உள்ள கிரவுட்டையும் அது அரித்து, நிறத்தையும் வெளுக்கச் செய்கிறது. அமிலத்தின் ஆவியால் அருகிலுள்ள உலோகக் குழாய்களும் கதவுக் கீல்களும் துருப்பிடிக்கக்கூடும். காற்றோட்டமில்லாத குளியலறையில் மூச்சுத்திணறல் ஏற்படலாம். அதே தரையில் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்துவிட்டால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு உருவாகும். கழிவறையைச் சுத்தம் செய்யும் திரவங்கள் பலவற்றிலும் இதே அமிலம் இருப்பதால், அவற்றுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

தரை எந்தப் பொருளால் ஆனது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். குஜராத்தின் மோர்பியிலிருந்து நாடெங்கும் செல்லும் விட்ரிஃபைட் டைல்ஸ், மென்மையான அமிலங்களைத் தாங்கும். ராஜஸ்தானின் மக்ரானா பளிங்கும் கோட்டா கல்லும் அவ்வாறல்ல. கால்சியம் கார்பனேட்டால் ஆன இவற்றின் மெருகை வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூடக் கெடுத்துவிடும். பின்னர் மீண்டும் பாலிஷ் செய்வது தவிர வேறு வழியில்லை.

விட்ரிஃபைட் தரையில் முதலில் வெதுவெதுப்பான நீர், மைக்ரோஃபைபர் துணி, நைலான் பிரஷ் ஆகியவற்றைக் கொண்டு முயல்வதே முறை. கம்பி நார் கீறலை ஏற்படுத்தும். இதில் பலன் கிடைக்காவிட்டால், ஒரு பங்கு வினிகருக்கு நான்கு பங்கு நீர் கலந்து பயன்படுத்தலாம். சல்ஃபாமிக் அமிலம் கொண்ட, இதற்கென்றே விற்கப்படும் திரவங்களும் உள்ளன. எதுவாயினும் கிரவுட் முழுமையாக இறுகும் வரை, பொதுவாகப் பத்து நாள்கள், காத்திருக்க வேண்டும். முன்னதாகத் தரையை நீரால் நனைத்தால் கிரவுட் அமிலத்தை உறிஞ்சுவது குறையும். ஓர் மூலையில் சோதித்த பிறகே மற்ற இடங்களில் பயன்படுத்த வேண்டும். முடிவில் சுத்தமான நீரால் இருமுறை கழுவ வேண்டும்.

எபாக்சி கிரவுட் பயன்படுத்தியிருந்தால் இம்முறைகள் எதுவும் பலனளிக்காது. அது சிமென்ட் அன்று, பிசின். வேலை நடைபெறும் நாளிலேயே துடைத்து அகற்றாவிட்டால், அதற்கென உள்ள கரைப்பான்தான் தேவைப்படும்.

முழுமையாக நீக்கிய பின்னர், சில வாரங்களில் இணைப்புகளை ஒட்டி வெண்மை மீண்டும் பூத்தால் அது கிரவுட் எச்சம் அன்று. தரைக்கு அடியிலுள்ள ஈரத்துடன் மேலெழும் உப்பு அது. அந்நிலையில் நீர்க்கசிவு எங்குள்ளது என்பதைக் கண்டறிந்து சரிசெய்ய வேண்டும்.