12 ஊசியைப் பார்த்ததும் கை நடுங்குதா?

இருபது வருஷம் தையல் மெஷின் மிதித்த கைதான். ஆனாலும் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷின் முன்னால் நின்றதும் பல பெண்களுக்கு அந்தக் கை நடுங்கத்தான் செய்கிறது. மிதிக்கிற மெஷினில் கால் நின்றால் ஊசியும் நிற்கும். இது அப்படியில்லை. பட்டனைத் தட்டினால் அதுபாட்டுக்கு ஓடும். நிமிஷத்துக்கு ஆயிரம் தையல் வரை போடுகிற வேகம், தலைக்கு மேல் 12 அல்லது 15 நூல்கண்டுகள், மாசம் பிறந்தால் கட்ட வேண்டிய தவணை. எல்லாவற்றையும்விட பெரிய பயம், கல்யாணப் பட்டுச் சேலையோடு வந்த ஜாக்கெட் துணி. அது ஒன்றே ஒன்றுதான். பாழானால் கடையில் வேறு வாங்கிக் கொடுத்துவிட முடியாது. பட்டில் தையலைப் பிரித்தால் ஊசி போன ஓட்டைகள் அப்படியே காட்டிக் கொடுத்துவிடும்.

அதனால் முதல் சில வாரங்களுக்கு வாடிக்கையாளர் துணி மெஷின் பக்கமே வர வேண்டாம். பழைய வேட்டி, மீந்த லைனிங் துணி போதும்.

முதலில் பழக வேண்டியது டிசைன் போடுவது அல்ல, நிறுத்துவது. ஓடவிட்டு நிறுத்துங்கள். மறுபடி ஓடவிட்டு, சிவப்பு எமர்ஜென்சி பட்டனை அழுத்திப் பாருங்கள். கை தானாக அங்கே போகிற வரைக்கும் இதுதான் பாடம். அடுத்து, ஓடும்போதே நூலைக் கண்டுக்குப் பக்கத்தில், ஊசிக்கு எட்டாத இடத்தில் வெட்டிவிடுங்கள். மெஷின் தானே நின்று கூப்பிடும். நூலைக் கோத்து, சில தையல்கள் பின்னால் போய்த் தொடர்ந்தால் ஒட்டிய இடமே தெரியாது. வேண்டுமென்றே நான்கு முறை அறுத்துப் பார்த்தவருக்கு, ஐந்தாவது முறை அது தானாக அறுந்தால் நெஞ்சு படபடக்காது.

கரன்ட் போனால்? பெரும்பாலான மெஷின்கள் விட்ட இடத்தை ஞாபகம் வைத்திருக்கும். ஃப்ரேமை மட்டும் கழற்றக் கூடாது. மெஷினைப் பொருத்த வருகிறவரிடமே இதைச் செய்து காட்டச் சொல்லிவிடுங்கள். அவர் அவசரமாகக் கிளம்பத்தான் பார்ப்பார், விடாதீர்கள்!

ஊசி ஃப்ரேமில் இடித்து உடைகிற 'டக்' சத்தம்தான் புதியவர்களை ரொம்பவும் மிரட்டுவது. ட்ரேஸ் பட்டனை அழுத்தினால், தைக்காமலே டிசைனின் எல்லையை ஃப்ரேம் ஒருமுறை சுற்றிக் காட்டும். இடிக்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும். கோலத்துக்கு முன்னால் புள்ளி வைப்பது மாதிரி, இதைத் தவிர்க்கவே கூடாது.

துணிக்கு அடியில் நூல் கூடு கட்டினால் பாபினைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் மேல் நூல் சரியாகக் கோக்கப்படாததுதான் காரணம். பட்டையாக ஒரு கோடு தைத்துத் துணியைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் மூன்றில் ஒரு பங்கு பாபின் நூலும், இருபுறமும் மேல் நூலும் தெரிந்தால் டென்ஷன் சரி.

வேகத்தை 500, 600 என்று வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக ஓடினால் யாரும் கேலி செய்யப் போவதில்லை.

பட்டுத் துணியைத் தொடுகிற நாளில், அடியில் பேப்பர் வைத்து, ஃப்ரேமின் தடம் விழாத அளவுக்கு இறுக்கி, அதே டிசைனை முதலில் லைனிங் துணியில் ஒருமுறை ஓட்டிவிடுங்கள். பட்டு ஓடும்போது பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்காருங்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்து உட்காரும் தைரியமெல்லாம் ஆறு மாசம் கழித்து வரட்டும்!