ஒரு நாள் படகு வாடகை: கடற்கரைச் சுற்றுலா செல்வோர் ஏறும் முன் பார்க்க வேண்டியவை என்ன?

பெங்களூரு: தொடர் விடுமுறை வந்தால் பெங்களூருவிலிருந்து வாகனங்கள் இரு திசைகளில் கடலை நோக்கி விரைகின்றன. மேற்கே உடுப்பி, முருடேஸ்வர், கோகர்ணா, கார்வார். கிழக்கே புதுச்சேரி, மாமல்லபுரம், பிச்சாவரம். எத்திசையில் சென்றாலும் சாலை வழியே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். அவ்வளவு தொலைவு சென்று சேரும் குடும்பங்களும் நண்பர் குழுக்களும் கரையில் நிற்கும் படகைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, வாடகை எவ்வளவு என்பதே. ஆனால் இந்தப் படகில் எத்தனை பேருக்கு அனுமதி, அதை ஓட்டுபவருக்கு உரிமம் உண்டா, இன்று கடல் எப்படி இருக்கிறது ஆகிய மூன்றும்தான் உயிரோடு தொடர்புடைய கேள்விகள். அவற்றை எப்படிக் கேட்பது, கிடைக்கும் பதிலை எப்படிச் சரிபார்ப்பது என்பதை இந்தத் தொகுப்பில் காணலாம்.

எங்கே, என்ன படகு கிடைக்கும்?

மேலை நாடுகளில் உள்ளதுபோல் வாடிக்கையாளரே படகை எடுத்துச் சென்று ஓட்டும் முறை இந்தியக் கடற்கரைகளில் அரிது. பெரும்பாலும் படகோட்டியுடன் சேர்த்தே படகு வாடகைக்குக் கிடைக்கும். தலைக்கு இவ்வளவு எனப் பயணச்சீட்டு வாங்கி ஏறுவது ஒரு வகை. முழுப் படகையும் மணிக்கணக்கிலோ ஒரு நாளுக்கோ பேசி எடுப்பது மற்றொரு வகை.

கர்நாடகக் கடற்கரையில் அதிகம் பேர் செல்லும் இடம், உடுப்பியை அடுத்த மால்பேயிலிருந்து சுமார் 6 கி.மீ. தொலைவில் உள்ள செயின்ட் மேரிஸ் தீவு. தூண்களை அடுக்கி வைத்ததுபோல் நிற்கும் எரிமலைப் பாறைகளுக்காக இது தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டுள்ளது. இங்கு இரவு தங்க அனுமதி இல்லை என்பதால், கடைசிப் படகு எப்போது திரும்புகிறது என்பதைத் தீவில் இறங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்வது அவசியம். முருடேஸ்வரிலிருந்து நேத்ராணி தீவுக்கு ஆழ்கடல் நீச்சலுக்காகப் படகுகள் செல்கின்றன. ஹொன்னாவரில் ஷராவதி ஆற்றின் கழிமுகப் பகுதியில் அலையாத்திக் காடுகளுக்கு இடையே படகு உலா உண்டு.

கிழக்கே, புதுச்சேரியின் சுண்ணாம்பாறு படகுக் குழாமிலிருந்து பாரடைஸ் கடற்கரைக்குப் படகில் செல்லலாம். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் முட்டுக்காடு, முதலியார்குப்பம், பிச்சாவரம் ஆகிய இடங்களில் படகுக் குழாம்களை நடத்துகிறது. பிச்சாவரத்தின் குறுகிய கால்வாய்களுக்குள் செல்ல விசைப்படகைவிடத் துடுப்புப் படகே ஏற்றது.

உப்பங்கழி, முகத்துவாரம், திறந்த கடல் ஆகிய மூன்றும் வெவ்வேறு நீர்நிலைகள் என்பதைப் பயணிகள் உணர வேண்டும். உப்பங்கழியில் அலை குறைவு. திறந்த கடலில் அலை இருந்தாலும் ஆழம் உண்டு. முகத்துவாரத்திலோ ஆற்றின் வெளிப்பாய்ச்சலும் கடலின் உள்பாய்ச்சலும் மோதிக்கொள்ளும். மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நேற்று படகு சென்ற வழியில் இன்று ஆழம் இருக்கும் என்ற உறுதி இல்லை. உப்பங்கழி உலாவுக்குப் பேசிய படகை, ‘கொஞ்சம் கடலையும் பார்த்துவிட்டு வரலாம்’ என்று முகத்துவாரத்தைத் தாண்டச் சொல்வது ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதாகும்.

எந்த மாதங்கள் ஏற்றவை?

மேற்குக் கடற்கரையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலம். அந்த மாதங்களில் அரபிக்கடல் கொந்தளிப்பாக இருப்பதால் செயின்ட் மேரிஸ் தீவுப் படகுச் சேவை நிறுத்தப்படுகிறது. மழை ஓய்ந்த பிறகு அக்டோபர் இறுதி முதல் மார்ச் வரை அங்கு கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். கிழக்குக் கடற்கரையில் நிலைமை வேறு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் வங்கக் கடல் புயல்களும் வரும் காலம். தீபாவளி விடுமுறையில் மேற்கே அமைதியாக இருக்கும் கடல், அதே நாளில் கிழக்கே சீறிக்கொண்டிருக்கக்கூடும்.

விபத்துகள் சொல்வது என்ன?

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில், கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டபோது படகு சாய்ந்ததாகக் கூறப்பட்டது. 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறையில் பழவேற்காட்டுக்கு உலா வந்தவர்கள் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். 2019 ஜனவரி 21 அன்று, கார்வார் அருகே குருமகட் தீவில் நரசிம்மர் கோவில் திருவிழாவுக்குச் சென்று திரும்பியவர்களின் படகு கவிழ்ந்ததில் 16 பேர் பலியாகினர்.

2023 மே 7 அன்று கேரள மாநிலம் மலப்புரம் மாவட்டம் தானூரில் நடந்த விபத்தில் 22 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் குழந்தைகள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் 11 பேர். மீன்பிடிப் படகு ஒன்று சுற்றுலாப் படகாக மாற்றப்பட்டிருந்ததும், அளவுக்கு அதிகமானோர் ஏற்றப்பட்டதும், பொழுது சாய்ந்த பிறகு படகு இயக்கப்பட்டதும் பின்னர் தெரியவந்தன. 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதராவில் ஹர்ணி ஏரிக்குச் சுற்றுலா சென்ற பள்ளி மாணவர்கள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும் படகு கவிழ்ந்து உயிரிழந்தனர்.

ஏரி, கழிமுகம், கடல் என இடங்கள் வேறுபட்டாலும் அளவுக்கு மீறிய கூட்டம், உயிர்காப்புக் கவசம் அணியாமை, பயணிகளுக்காகக் கட்டப்படாத படகு, இருட்டிய பிறகு பயணம் ஆகிய நான்கில் ஒன்றோ பலவோ இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. நான்குமே கரையில் நிற்கும்போதே கண்ணுக்குத் தெரிபவை.

படகு ஏன் கவிழ்கிறது?

படகின் எடை எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அந்த அளவுக்கு அது நிலையாக நிற்கும். மீன்பிடிப் படகின் எடை பெரும்பாலும் அதன் அடிப்பகுதியில் வலை, மீன், பனிக்கட்டி ஆகியவற்றால் அமைகிறது. அதே படகின் மேல் ஒரு தளம் எழுப்பி, அதில் ஆட்களை நிற்க வைத்தால் எடை மேலே ஏறிவிடும். சாய்ந்த படகு தானாக நிமிரும் ஆற்றல் குறையும். அந்நிலையில் இருபது பேர் படம் எடுப்பதற்காக ஒரு பக்கம் நகர்ந்தாலே போதும்.

படகுக்குள் தேங்கும் நீரும் அதே அளவு ஆபத்தானது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே உள்ளிருக்கும் நீரும் ஓடிச் சேர்ந்து சாய்வை அதிகப்படுத்தும். எனவே ஏறும் முன் படகின் அடித்தளத்தில் நீர் நிற்கிறதா என்று பார்ப்பது நல்லது. பயணிகள் ஏறிய பின் படகின் விளிம்புக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே உள்ள உயரம் மிகக் குறைந்துவிட்டால், அதில் பாரம் அதிகம் என்று பொருள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆறு, ஏரி, உப்பங்கழி உள்ளிட்ட உள்நாட்டு நீர்நிலைகளில் இயந்திரப் படகுகளை இயக்குவதை உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021 ஒழுங்குபடுத்துகிறது. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்கு மாற்றாக நாடாளுமன்றம் இதனை நிறைவேற்றியது. இதன்படி படகுக்குப் பதிவுச் சான்று, தகுதி ஆய்வுச் சான்று, காப்பீடு ஆகியவை வேண்டும். ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று வேண்டும். உயிர்காப்புச் சாதனங்களும் தீயணைப்புச் சாதனங்களும் படகில் இருக்க வேண்டும்.

மீன்வளத் துறையில் பதிவு பெற்ற மீன்பிடிப் படகு மீன்பிடிப்பதற்கு மட்டுமே உரியது. பதிவு எண் எழுதப்பட்டிருப்பதாலேயே அது பயணிகளை ஏற்றும் உரிமையைப் பெற்றுவிடாது. பயணிகளை ஏற்றும் படகில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை வெளியே தெரியும்படி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழுதப்படவில்லை என்றால் ஆய்வுச் சான்றைக் கேட்கலாம். மழுப்பலான பதில் வந்தால், அடுத்த படகைப் பார்ப்பதே நல்லது. கைக்குழந்தையும் ஓர் ஆள்தான். ‘குழந்தைகள் கணக்கில் இல்லை’ என்ற சமாதானத்தை ஏற்கக் கூடாது.

உயிர்காப்புக் கவசத்தை எப்படிச் சோதிப்பது?

லைஃப் ஜாக்கெட் எனப்படும் உயிர்காப்புக் கவசத்தின் மிதக்கும் திறன் நியூட்டன் அளவில் அதன் மீதே குறிக்கப்பட்டிருக்கும். 50 நியூட்டன் என்பது நீச்சல் தெரிந்தவருக்கான துணைக் கருவி மட்டுமே. கரையோர அமைதியான நீருக்கு 100 நியூட்டனும், திறந்த கடலுக்கு 150 நியூட்டனும் பன்னாட்டுத் தர அளவுகளாகும். இவை மயங்கியவரையும் முகம் மேல்நோக்கியபடி மிதக்க வைக்கும் நோக்கில் வடிவமைக்கப்பட்டவை.

கிழிந்த துணி, அறுந்த வார், பூட்டாத கொக்கி, நசுங்கிப்போன உள்பஞ்சு ஆகியவை உள்ள கவசம் பயன்படாது. அணிந்த பின் தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். கவசம் காதுவரை ஏறினால் அது தளர்வாக உள்ளது. பெரியவர்களின் கவசத்தைக் குழந்தைக்கு மாட்டினால் நீரில் விழுந்ததும் அது கழன்றுவிடும். குழந்தைகளுக்குக் கால்களுக்கிடையே வார் உள்ள சிறிய அளவுக் கவசமே தேவை. இருக்கைக்குக் கீழே கட்டி வைக்கப்பட்டுள்ள கவசம் படகு கவிழும் நொடியில் கைக்கு எட்டாது. ஏறும் முன் அணிந்து, இறங்கிய பின்னரே கழற்ற வேண்டும்.

வாடகை பேசும்போது எவற்றைத் தெளிவுபடுத்த வேண்டும்?

சொல்லப்படும் தொகையில் எரிபொருள், படகோட்டியின் கூலி, தீவில் காத்திருக்கும் நேரம், நுழைவுக் கட்டணம், வரி ஆகியவை அடங்குமா என்பதை முன்கூட்டியே கேட்க வேண்டும். நேரக் கணக்கு கரையை விட்டுப் புறப்படும்போது தொடங்குகிறதா, ஏறியது முதலா என்பதில்தான் பெரும்பாலான வாக்குவாதங்கள் எழுகின்றன. எந்த வழியாகச் சென்று, எங்கே நின்று, எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதைக் குறுஞ்செய்தியாகவாவது பதிவு செய்துகொள்ளலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது, வானிலை காரணமாகப் பயணம் ரத்தானால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பது. பணம் திரும்பாது என்ற நிபந்தனை இருந்தால், மோசமான வானிலையிலும் புறப்பட்டுவிடத் தூண்டுவது அந்த நிபந்தனையே. படகோட்டி ‘இன்று வேண்டாம்’ என்று சொன்னால் கூடுதல் பணம் தருவதாகக் கூறி அவரை வற்புறுத்தக் கூடாது. கடலைப் பல ஆண்டுகளாகப் பார்த்தவரின் தயக்கத்துக்கு மதிப்பளிக்க வேண்டும்.

கடலின் நிலையை எப்படி அறிவது?

இந்திய வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கான எச்சரிக்கையை நாள்தோறும் வெளியிடுகிறது. ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், அலை உயரம், நீரோட்டம், கடல் சீற்றம் குறித்த முன்னறிவிப்புகளை வெளியிடுகிறது. மீனவர்களுக்குக் கடலுக்குள் செல்ல வேண்டாம் என்ற எச்சரிக்கை இருக்கும் நாளில் சுற்றுலாப் படகும் செல்லக் கூடாது.

வானம் தெளிவாக இருப்பது மட்டும் போதுமான அறிகுறி அல்ல. தொலைவில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் உருவாகும் புயல்களால் எழும் நீண்ட அலைகள், சில நாட்கள் கழித்து நம் கரையை வந்தடைகின்றன. உள்ளூரில் காற்றோ மழையோ இன்றித் திடீரெனக் கடல் பொங்கும் இந்நிகழ்வைக் ‘கள்ளக்கடல்’ என்கின்றனர். 2024 மே மாதம் இத்தகைய எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்த நாட்களை ஒட்டி, கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தனர்.

அவசர உதவியும் புகாரும்

கடலில் ஆபத்து நேர்ந்தால் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554 என்ற கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம். தமிழ்நாட்டில் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. பொதுவான அவசர உதவிக்கு 112. கைப்பேசியை நீர் புகாத உறையில் வைப்பதும், எத்தனை பேர் எந்தப் படகில் செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்வதும் தேடுதல் பணிக்குப் பேருதவியாக அமையும். படகு கவிழ்ந்தால் நீந்திக் கரை சேர முயல்வதைவிட, மிதக்கும் படகைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக இருப்பதே பெரும்பாலான நேரங்களில் பாதுகாப்பானது.

பணத் தகராறுகளுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அணுகலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். மால்பேயிலோ ஆலப்புழையிலோ ஏமாற்றப்பட்ட பெங்களூருவாசி, அதற்காக மீண்டும் அங்கே செல்ல வேண்டியதில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார்க் கட்டணமும் இல்லை. ரசீது, பணப் பரிமாற்றப் பதிவு, படகின் பதிவு எண் தெரியும் புகைப்படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி வைத்தால் போதுமானது.

படகின் பதிவு எண்ணை ஏறும் முன்பே படம் எடுத்துக் குடும்பத்தினருக்கு அனுப்பிவிடுவது சில நொடி வேலை. தகராறு வந்தால் அது ஆதாரமாகும். ஆபத்து வந்தால், எந்தப் படகைத் தேட வேண்டும் என்பதை மீட்புக் குழுவினருக்கு அதுவே சொல்லும்.