முன் சில்லும் கிறவல் தெருவும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் தெருக்கள் இருவகையின. கண்டி வீதியும், பரந்தனிலிருந்தும் மாங்குளத்திலிருந்தும் முல்லைத்தீவை நோக்கிச் செல்லும் வீதிகளும் தார் இடப்பட்டவை. அவற்றினின்று பிரிந்து குளக்கட்டுகளுக்கும் வயல்வெளிகளுக்கும் காட்டோரக் குடியிருப்புகளுக்கும் செல்வனவற்றுட் பல, செம்மண்ணும் கிறவலும் பரவியவை. கோடையில் அவை அலையலையாக மேடுபள்ளம் கொள்கின்றன. மாரியிலோ குழிகளை வெள்ளம் மூடிவிடுகிறது. இத்தகைய தெருவிலே பழைய மோட்டார்ச் சைக்கிளைச் செலுத்துபவனின் உயிர், முன் சில்லு நிலத்தை விடாது பற்றுவதிலேயே தங்கியிருக்கிறது. அப்பிடிப்பைக் காப்பது முன் ஃபோர்க் எனப்படும் இருகுழாய் உறுப்பாகும்.

வன்னி மக்கள் நன்கறிந்த பழைய வண்டிகளுள் ஒன்று எம்.டி. 90. அது ஜப்பானிய அஞ்சற்காரருக்கென ஹொண்டா நிறுவனம் செய்த வண்டி. எரிபொருளுக்குத் தடை நிலவிய 1990களில், சில துளி பெற்றோலால் இயந்திரத்தை முடுக்கிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவைத்த பட்டறிவு வடபுலத்தாருக்கு உண்டு. இயந்திரத்தின்பால் இத்துணைக் கருத்துச் செலுத்திய மக்களிடையேயும், முன் ஃபோர்க்கின்பாற் கருத்துச் செலுத்துவோர் குறைவே. அது உடைந்து விழும்வரை, அது வேலை செய்கிறது என்றே பலரும் எண்ணுகின்றனர்.

ஃபோர்க்கின் அமைப்பு யாது? ஒரு குழாய்க்குள் மற்றொரு குழாய் வழுக்கிச் செல்கிறது. உள்ளே நீண்ட சுருள்வில் ஒன்றும் ஓரளவு ஒயிலும் உண்டு. வில் பாரத்தைத் தாங்குகிறது. ஒயில் வில்லின் துள்ளலை அடக்குகிறது. ஒயிலால் அடக்கப்படும் இத்தகைய ஃபோர்க்கை விற்பனை வண்டியிற் பொருத்திய முன்னோடி, 1935 இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. ஆர் 12 ஆகும். ஒயில் இல்லாத ஃபோர்க், மேட்டில் ஏறியபின் பந்துபோற் குதிக்கும். குதிக்கும் சில்லு நிலத்தைத் தொடாது. நிலத்தைத் தொடாத சில்லுக்குப் பிறேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை.

பழைய ஃபோர்க்குகளில் ஒயில் மாறா அளவுள்ள சிறு துளைகளின் வழியே பாய்கிறது. அங்கேதான் அவற்றின் குறைபாடு உள்ளது. துளையின் வழியே பாயும் ஒயிலின் வேகம் இருமடங்கானால், அதன் தடை ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவே, பிறேக் பிடிக்கையில் மெல்ல அமிழும் ஃபோர்க்கை அத்துளை போதிய அளவு தடுப்பதில்லை. கூரிய கல்லில் மோதும்போதோ அளவுக்கு மீறித் தடுத்துக் கைகளை உலுக்குகிறது.

இதனைத் திருத்த விழைவோர் செய்யும் முதற் பிழை, கட்டியான ஒயிலை ஊற்றுதல். அலைமேடுகள் நிறைந்த தெருவில் அழுந்திய ஃபோர்க், அடுத்த மேடு வருமுன் நிமிர வேண்டும். கட்டியான ஒயில் அதனை நிமிரவிடாது. மேட்டுக்கு மேடு ஃபோர்க் கீழிறங்கி, இறுதியில் இரும்புத் தடிபோல் இறுகிவிடும்.

இரண்டாவது பிழை, பாரம் ஏற்றுவதற்கென முன் வில்லைக் கடினமாக்குதல். பின்னே மீன்பெட்டி கட்டிவரும் வியாபாரியும் நெல்மூடை ஏற்றிவரும் கமக்காரனும் பாரத்தை இடுவது பின் சில்லின்மீதே. பாரம் பின் அச்சுக்கு அப்பாற் செல்லுமாயின், முன் சில்லு கனம் குறைந்து மேலெழ முற்படும். அந்நிலையில் முன் வில்லைக் கடினமாக்கினால் எஞ்சிய பிடிப்பும் போகும். அங்கே திருத்தம் வேண்டுவது பின் வில்லுக்கும், பாரத்தை முன்தள்ளிக் கட்டும் முறைக்குமே.

அவ்வாறாயின் செய்ய வேண்டியது யாது? முதலில் நோய் அறிதல். உட்குழாய் வளைந்துள்ளதா, துருப்பிடித்துக் குழி விழுந்துள்ளதா, வழுக்கும் பகுதிகள் தேய்ந்து ஆடுகின்றனவா, ஹாண்டில் திரும்பும் இடத்துக் குண்டுகள் பழுதாகியுள்ளனவா என்று நோக்க வேண்டும். வெளிவரும் ஒயில் பால்போல் வெளுத்திருந்தால், வெள்ளத்து நீர் உட்புகுந்தது என அறியலாம். பழுதான சீலை மாற்றி, இரு பக்கத்துக்கும் ஒரே வகை ஒயிலை ஒரே அளவில் நிரப்புதல் வேண்டும். குழாய்களுக்கு ரப்பர் உறை இடுவது செலவு குறைந்த நல்ல திருத்தம்; ஏனெனில் ஒயிலில் ஒட்டும் செம்மண் புழுதியே சீலை அராவுவது.

அடுத்து வில்லைச் சோதித்தல். ஓட்டுபவன் வண்டியில் அமரும்போது, ஃபோர்க் தன் முழு ஓட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றுவரை அமிழ்வது தகும். நூறு மில்லிமீற்றர் ஓட்டமுள்ள ஃபோர்க்கில் இது 25 முதல் 35 மில்லிமீற்றர்வரை எனலாம். வில்லின்மேல் சிறு குழாய்த்துண்டு வைத்தால் வண்டியின் முன்பக்கம் உயருமேயன்றி, வில்லின் வலிமை கூடாது. வலிமை வேண்டின் வேறு வில்லே வேண்டும். பருமனான ஃபோர்க் உள்ள வண்டிகளுக்கு, வேகத்துக்கு ஏற்ப வழிவிடும் வால்வுகளும் உண்டு. மெல்லிய அமுக்கத்தைத் தடுத்து, வன்மோதலுக்குத் திறந்துகொள்ளும் அவை பழைய துளைகளின் குறையை நீக்குகின்றன.

வேறொரு வண்டியின் தடித்த ஃபோர்க்கை முழுமையாக மாற்றிப் பூட்டுதல் இறுதி வழி. அது கண்ணுக்கு அழகு. ஆனால் ஃபோர்க்கோடு அச்சும் சில்லும் பிறேக்கும் மாறும். அதன் நீளம் கூடினால் திருப்பம் மந்தமாகும். குறைந்தால் வேகத்தில் ஹாண்டில் நடுங்கலாம். அன்றியும், பழைய சட்டகத்தின் கழுத்து அப்புதிய வலிமைக்கென ஆக்கப்பட்டதன்று. மோதலை ஃபோர்க் தாங்கினும் கழுத்து வெடிக்கக்கூடும்.

ஆதலின் தடிப்பு வேறு, தகுதி வேறு. தெருவையும் பாரத்தையும் அறிந்து சீர்செய்த பழைய ஃபோர்க், அறியாது பூட்டிய புதியதிலும் மேலானது. விடியுமுன் முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன்பெட்டியுடன் புறப்படுபவனை வீடு சேர்ப்பது, கிறவலை விடாது தொட்டு ஓடும் அந்த முன் சில்லே.